சிவக்கக் கூடாத குழாய்

மாற்றல் பிரிவின் கண்காணிப்பாளரும், அதற்கெல்லாம் முன்பே என் மனைவியின் அண்ணனுமாகிய மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே உங்கள் தங்கை நலம், பிள்ளைகள் நலம். என் நலத்தை இந்தக் கடிதத்தின் மீதிப் பக்கங்கள் சொல்லும். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டாலும் உட்கார்ந்தே படியுங்கள், கடிதம் கொஞ்சம் நீளம்.

விஷயம் இதுதான். என்னை உயிரியல் ஆய்வகத்திலிருந்து எடுத்து, இதே கல்லூரியின் மாடியில் இருக்கும் கல் அருங்காட்சியகத்தில் போட்டுவிடுங்கள். அங்கே கண்ணாடி அலமாரிகளில் நானூறு கற்கள் இருக்கின்றன. அவற்றுக்குத் தீனி போட வேண்டாம், சூடு பார்க்க வேண்டாம், சுற்றி நின்று யாரும் அழ மாட்டார்கள். தூசி தட்டினால் போதும். முப்பத்தொரு வருஷமாக என் பதிவேட்டில் ஒரு மெமோ கிடையாது, அது உங்களுக்கே தெரியும், அந்தப் பதிவேடே உங்கள் அலமாரியில்தான் இருக்கிறது. ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம். அந்தப் பக்கத்தை அப்படியே வெள்ளையாக வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். வேறு ஆசை ஒன்றும் எனக்கு இல்லை.

காரணம் கேட்பீர்கள். இரண்டாம் ஆண்டு மாணவர்கள் நான்கு பேர்தான் காரணம். வயதில் நான் அவர்களுக்கு அப்பா, கூப்பிடுவது அண்ணா. செயற்கை உயிரியல் என்று ஒரு போட்டி, அதற்கு ஒரு குழு. பழைய கட்டிடங்களில் குழாய்த் தண்ணீரில் செம்பு கரைந்து வருகிறதாம். தண்ணீரில் செம்பு இருந்தால் சிவந்து காட்டுகிற மாதிரி ஒரு பாக்டீரியாவை இவர்களே ஜீன் சேர்த்துத் தயாரிக்கிறார்களாம். சோதனைக் குழாய் வெள்ளையாக இருந்தால் குடிக்கலாம், சிவந்தால் பிளம்பரைக் கூப்பிட வேண்டும். எனக்கே புரிந்துவிட்டது என்பதால் நல்ல திட்டம்தான் என்று நம்பி மேசையைத் துடைத்துக் கொடுத்தேன். அங்கே பிடித்தது சனி.

முதல் மூன்று வாரம் அந்தப் பாக்டீரியாப் பூச்சி வளரவில்லை, குழுவின் பெயர்தான் வளர்ந்தது. பெயருக்குப் பதினோரு நாள், பனியன் நிறத்துக்கு ஒரு வாரம், பனியனில் படம் முதுகிலா மார்பிலா என்பதற்கு மூன்று நாள். தலைமை தாங்கும் பெண்ணுக்கு நான் கேப்டன் என்று பெயர் வைத்திருக்கிறேன். மூச்சு விடுவதற்கும் அட்டவணை போடுவாள். ஒரு பையன் லேப்டாப். பூச்சியைக் கையால் தொடமாட்டான், திரையில் மட்டும் வளர்ப்பான், அங்கே அது அமோகமாக வளரும். இன்னொருவன் சின்னச் சந்தேகம். “அண்ணா, ஒரு சின்னச் சந்தேகம்” என்று வந்தால் அன்றைக்கு எனக்கு மதியச் சாப்பாடு நாலு மணிக்குத்தான். நான்காவது பெண் தூக்கம். அதிகாலையில் வந்து பூச்சிக்குத் தீனி மாற்றுகிறவள் அவள்தான், அதனால் பகலெல்லாம் நுண்ணோக்கி மேல் நெற்றியை வைத்துத் தூங்குவாள். தொடர்ந்து மூன்று நாள் விடுமுறை வந்தது. யார் வந்து பார்ப்பது என்று அட்டவணையில் நான்கு பேரும் மற்றவர் பெயரை எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் பூச்சியெல்லாம் போய்ச் சேர்ந்திருந்தது. அன்றைக்கு அழுதார்கள், நான் பாட்டில் கழுவினேன்.

ஒரு நாள் குளிர்பெட்டியைத் திறந்தேன் மச்சான், உள்ளே பதினான்கு குழாய், பதினான்கிலும் ‘இதைத் தொடாதே’ என்று எழுதியிருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒன்றிலும் இல்லை. கேப்டனைக் கேட்டேன். “தொடக்கூடாதுன்னு தெரியும்ணா, ஏன்னுதான் ஞாபகம் இல்ல” என்கிறாள். இந்த மாதிரிப் பொறுப்பில்லாமல் நான் ஒரு நாளாவது வேலை பார்த்திருப்பேனா? சுத்தத் தண்ணீர் காய்ச்சி வடிக்கும் இயந்திரத்தில் போன மாதம் உள்குழாய் விரிசல் விட்டது. ஆபீசுக்கு எழுதினால் புதுக் குழாய் வர ஆறு மாதம் ஆகும். ஏ.சி. மெக்கானிக்கிடம் ஒரு துண்டுக் குழாய் வாங்கி, தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, நானே மாட்டிவிட்டேன். ஒரு சொட்டு ஒழுக்கு கிடையாது. மேலே ‘இது என் பொறுப்பு, யாரும் திறக்கக் கூடாது’ என்று அட்டையும் தொங்கவிட்டேன். வேலை என்றால் அப்படி இருக்க வேண்டும்.

இனி வருவதுதான் முக்கியம். ஒவ்வொரு சோதனையிலும் செம்பே கலக்காத சுத்தத் தண்ணீர் விட்ட குழாய் ஒன்று இருக்க வேண்டும். அது சிவக்கக் கூடாது. அது வெள்ளையாக நின்றால்தான் மற்றது சிவந்ததற்கு மதிப்பு. முதல் தடவை அழகாக வந்தது, நான்கு பேரும் என்னைக் கட்டிக்கொள்ளாத குறை. அதற்கப்புறம் என்ன கண் பட்டதோ, ஒரு மாதமாக எல்லாம் சிவப்பு. செம்பு போட்டாலும் சிவப்பு, போடாவிட்டாலும் சிவப்பு. பூச்சியை மாற்றினார்கள், தீனியை மாற்றினார்கள், சின்னச் சந்தேகம் சட்டையைக்கூட மாற்றினான். பேராசிரியர் வந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். “வியாழக்கிழமைக்குள்ள இந்தக் குழாய் வெள்ளையா நிக்கணும். இல்லன்னா வெள்ளிக்கிழமை போட்டிக்கு உங்க பேர் போகாது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒன்பது மாத உழைப்பு.

அதற்குப் பிறகு அது ஆய்வகமா, பாகப்பிரிவினை நடக்கும் வீடா என்று எனக்கே சந்தேகம். நீ கெடுத்தாய், நான் கெடுத்தேன் என்று சண்டை. கேப்டன் நடத்தும் வாட்ஸ்அப் குழுவிலிருந்து மூன்று பேரும் வெளியேறிவிட்டார்கள். அவள் மட்டும் உள்ளே உட்கார்ந்து தனக்குத் தானே அட்டவணை அனுப்பிக்கொள்கிறாள். நேரில் பேச்சு கிடையாது. ஆனால் நான்கு பேரும் உட்கார்வது ஒரே மேசையில். “அண்ணா, அந்தப் பிப்பெட்டைத் தரச் சொல்லுங்க அவன.” “அண்ணா, கேட்டா தருவேன்னு சொல்லுங்க.” “கேட்டாச்சுன்னு சொல்லுங்கண்ணா.” ஒரு முழ அகல மேசை மச்சான், அதன் குறுக்கே நான் தூது போகிறேன். சாயந்திரம் வீட்டுக்கு வந்தும் உங்கள் தங்கையிடம் “பையனுக்குப் பசிக்குதாம், சொல்லச் சொன்னான்” என்கிறேன். பையன் பக்கத்திலேயே நிற்கிறான். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

நேற்று என் பொறுமையும் போய்விட்டது. நான்கு பேரையும் வரிசையாக நிற்க வைத்துக் கேட்டேன். “கை சுத்தம் இல்லாம எப்படி வரும்? செம்பு தொட்ட கையோட இந்தக் குழாயையும் தொட்டா சிவக்காம என்ன பண்ணும்? தூக்கக் கலக்கத்துல வேலை பாத்தா இப்படித்தான்.” கடைசி வார்த்தையைத் தூக்கத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். அவள் கோட்டைக் கழற்றி மடித்து மேசைமேல் வைத்தாள். “நான் விலகிக்கறேன்ணா, மத்த மூணு பேராவது போகட்டும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் சொன்னது நியாயம்தான். இருந்தாலும் அந்தக் கோட்டை யார் எடுத்து ஆணியில் மாட்டுவது? நான்தான் மாட்டினேன்.

எனக்கு அலுத்துவிட்டது மச்சான். இந்த வயதில் அடுத்தவர் பெற்ற பிள்ளைகளின் கண்ணீருக்குப் பக்கத்தில் நின்று பாட்டில் கழுவ என்னால் ஆகவில்லை. கற்களிடம் அனுப்பிவிடுங்கள். மாற்றல் விண்ணப்பம் இத்துடன் இணைத்திருக்கிறேன். அக்காவுக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசிகள், உங்கள் முழங்காலுக்கு என் பிரார்த்தனை.

இப்படிக்கு,
உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு உங்களையே தொந்தரவு செய்யும்,
ஆய்வக உதவியாளர்

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு பிரித்து இதை எழுதுகிறேன். ஐந்து பக்கத்தையும் மறுபடி எழுதத் தெம்பில்லை, ஆகவே மேலே இருப்பதைப் படிக்காதது போல நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்று காலை நான் கதவு திறக்கும்போது தூக்கம் வாசலில் நின்றாள். கையில் பக்கத்து வேதியியல் துறையில் வாங்கிய ஒரு பாட்டில் தண்ணீர். “அண்ணா, எங்க கை சரியில்லன்னு சொன்னீங்க. கையை மாத்த முடியாது. அதனால தண்ணிய மாத்திப் பாக்கறேன்” என்றாள். அந்தத் தண்ணீரில் தீனி கலக்கி, பூச்சியை விட்டு, சாயந்திரம் வரை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். செம்பு போடாத குழாய் வெள்ளையாக நின்றது. பால் வெள்ளை. பக்கத்தில் என் இயந்திரத்துத் தண்ணீர் விட்டது சிவந்திருந்தது. அவள் என்னைக் கேட்கவில்லை, என் அட்டையைத்தான் பார்த்தாள். நானே போய் மூடியைத் திறந்தேன். ஏ.சி. மெக்கானிக் எந்தக் குழாய் கொடுப்பார்? செப்புக் குழாய்தானே கொடுப்பார்! முப்பத்தொரு வருஷத்தில் எத்தனை தணிக்கை வந்து போயிருக்கிறது, ஒருவரும் என்னிடம் ஒரு குறை கண்டதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி ஒரு மாதமாக என்னைக் காட்டிக் காட்டிச் சிவந்திருக்கிறது, நான் பிள்ளைகளைத் திட்டியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது மச்சான். அவளிடம் “என் தப்பும்மா” என்று சொன்னேன். அவள் கோட்டை மாட்டிக்கொண்டாள்.

ஸ்பேனரை எடுத்துக் குழாயைக் கழற்றப் போனேன். அதற்குள் மற்ற மூன்று பேரும் விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்துவிட்டார்கள். “கழட்டாதீங்கண்ணா! நாங்க செம்பு கலந்து வச்சதக் கண்டுபிடிச்சா அது பரீட்சை. யாருக்குமே தெரியாத செம்ப அது தானா கண்டுபிடிச்சிருக்கு!” என்று கேப்டன் குதிக்கிறாள். பேராசிரியர் வெள்ளைக் குழாயைப் பார்த்துச் சரி என்றார். செப்புக் குழாயைப் படம் எடுத்துப் போட்டிப் பலகையின் நடுவில் போடப் போகிறார்கள். “அண்ணா, ஒரு சின்னச் சந்தேகம். இத மாட்டினது யாருன்னு போடலாமா?” என்று அவன் கேட்டான். போட்டால் அனுமதியில்லாத பழுதுபார்ப்பு என்று ஊரறியத் தெரிந்துவிடும். போடு என்றேன்.

ஆகவே மாற்றல் விண்ணப்பத்தைக் கிழித்துவிடுங்கள். என் பெயருக்கு ஒரு மெமோ வரும், அதை உங்கள் பிரிவுதான் அனுப்ப வேண்டியிருக்கும், சங்கடப்படாமல் அனுப்புங்கள். திங்கட்கிழமை தேதி போட்டால் உபகாரம். வெள்ளிக்கிழமை எனக்கு லீவு வேண்டும், குழாய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் போகிறேன். மூன்று பேரும் வாட்ஸ்அப் குழுவில் திரும்பச் சேர்ந்துவிட்டார்கள், என்னையும் சேர்த்திருக்கிறார்கள். கேப்டன் ஒரு மணி நேரத்தில் ஏழு அட்டவணை அனுப்பிவிட்டாள். இதிலிருந்து எப்படி வெளியேறுவது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் மூன்று பேர் பக்கத்திலேயே இருக்கிறார்கள், நான் கேட்கவில்லை.