ஒண்ணுன்னா எத்தனை கை?

என் பெருமதிப்புக்கும் ஒரு சிட்டிகை பொறாமைக்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கே உங்கள் தங்கையும் பிள்ளைகளும் நலம். யாரும் விசாரிக்காவிட்டாலும் நானும் நலம். அங்கே நீங்கள் நலமா என்று கேட்கப்போவதில்லை. ஏன் அத்தனை நலம் என்பதை நேற்றுதான் கண்டுபிடித்தோம்.

நம் கம்பெனி நீங்கள் மேலாளராக இருக்கும் நகரத்திலும் தைக்கிறது, எங்கள் சின்ன ஊரிலும் தைக்கிறது. அதே துணி, அதே நூல், தோட்டவேலைக்குப் போடுகிற அதே கையுறை. சம்பளம் மட்டும் உங்கள் ஆட்களுக்கு முழுசு, எங்களுக்குப் பாதி. கேட்டால் தலைமையகம் ஒரு வண்ணப்படத்தைக் காட்டும்: நகரத்தில் ஓர் ஆள் தைப்பதில் பாதிதான் சின்ன ஊர் ஆள் தைக்கிறார், உழைப்புக்கேற்ற ஊதியம், போய் வேலையைப் பாருங்கள். படத்தில் உங்கள் கோடு மாடிப்படி ஏறும். எங்கள் கோடு பாய் விரித்துப் படுத்திருக்கும். இதை வைத்து உங்கள் தங்கை என்னைப் படுத்தியது கொஞ்சமா? "எங்க அண்ணன் ஊர்ல ஒரு ஆளு ரெண்டு ஆளு வேலை பாக்குறான். உங்க ஊர்ல ரெண்டு ஆளு சேந்து ஒரு தூக்கம் தூங்குறீங்க!" நானும் நம்பினேன், மச்சான். தையல் பிரிவு மேற்பார்வையாளன் என்ற முறையில் பெண்களை விரட்டினேன், டீ நேரத்தைக் கடித்தேன், கொட்டாவி விட்டவர்களை முறைத்தேன், முறைத்த களைப்பில் நானும் விட்டேன். கடைசியில் அவர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: "சார், இந்தத் தடவையும் சம்பளம் ஏறலைன்னா எதிர்த்த பிஸ்கட் கம்பெனிக்குப் போயிடுவோம். அங்க கோடெல்லாம் போட மாட்டாங்க. ஒடஞ்ச பிஸ்கட்டாவது கிடைக்கும்."

இந்த நேரத்தில்தான் தலைமையகம் ஒரு ஸ்டாப்வாட்ச்காரரையும், எங்களுக்கு வேகம் கற்றுத்தர உங்கள் கிளையின் முதல்தரத் தையல்காரம்மாவையும் அனுப்பியது. அந்த அம்மா மெஷினில் உட்கார்ந்தார். இடக்கையைத் தைத்துக் கூடையில் எறிந்தார். "ஒண்ணு." வலக்கையைத் தைத்து எறிந்தார். "ரெண்டு."

எங்கள் மெஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. ஓரத்து வாயாடி கேட்டாள்:

"அக்கா, உங்க ஊர்ல ஆளுக்கு ஒரு கைதானா?"

"ஏம்மா அப்படிக் கேக்குறே?"

"இல்ல, நாங்க ரெண்டு கையும் தச்சாத்தான் ஒண்ணும்போம்."

ஸ்டாப்வாட்ச்காரர் வாட்சை நிறுத்தக்கூட மறந்து கூடையைக் கவிழ்த்து எண்ணினார். சரியாக எண்ணிப் பார்த்தால் எங்கள் வாயாடி அந்த அம்மாவைவிட ஒரு கட்டைவிரல் முன்னால்! இத்தனை காலம் யாரும் கவனிக்கவில்லையா என்கிறீர்களா? பெட்டியில் போகும் ஜோடியை எண்ணுவது விற்பனைப் பிரிவு, ஆள் சொல்லும் கணக்கை எழுதுவது சம்பளப் பிரிவு. இரண்டும் லிஃப்டில்கூட முகம் பார்த்துக்கொள்வதில்லை.

ஆகவே மச்சான், சிறந்த கிளை என்று நீங்கள் வாங்கி வைத்திருக்கிற வெள்ளிக் கோப்பையில் பாதி எங்களுடையது. அது கிடக்கட்டும். "நாங்க ஒத்தைக் கையா எண்ணிட்டோம்" என்று தலைமையகத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள். நான் சொன்னால் பொறாமை என்பார்கள், அது பொய்யுமில்லை. சொல்லவில்லையோ, அடுத்த முறை இங்கே வரும்போது உங்களுக்கும் பாதி உபசாரம்தான்: காபி வரும், டம்ளர் வராது.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு இரண்டு கையாலும் ஆசி.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணக்கில் பாதி ஆள்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் தலைமையகத்திலிருந்து போன். ஸ்டாப்வாட்ச்காரர் சொல்லிவிட்டாராம், எங்கள் எண்ணிக்கை சரிதானாம். "பாதிச் சம்பளத்துக்கே இவ்வளவு தைக்கிறாங்களா? அப்ப அந்த ஊர்ச் சம்பளத்தைத் தொடவே கூடாது" என்று முடிவுசெய்து, உங்கள் நகரத்து வேலையையும் இங்கேயே மாற்றுகிறார்கள். இத்தனை முக்கியமான கிளைக்குத் திறமையான மேலாளர் வேண்டுமாம். உங்களைத்தான் அனுப்புகிறார்கள், உங்கள் பழைய சம்பளத்தோடு. எனவே மேலே உள்ளதை நான் வேறு யாரோ ஒரு மைத்துனருக்கு எழுதியதாகக் கொள்ளவும். நீங்கள் தங்க உங்கள் தங்கை மாடி அறையைக் கூட்டிக்கொண்டிருக்கிறாள். பெண்கள் பிஸ்கட் கம்பெனிக்குப் போகவில்லை. செய்தி கேட்டதும் வாயாடி எழுந்து, "அவங்க கையா எண்ணி முழுச் சம்பளம் வாங்கினாங்க. நாம விரலா எண்ணுவோம்டி!" என்றாள். அப்போதிலிருந்து ஒரு ஜோடிக்குப் பத்து. நான் திருத்தவில்லை, சார். மேலாளர் வந்து பார்த்துக்கொள்ளட்டும்.