வால் வைத்த எட்டு

கெட்டில் ரன், ஒஹாயோ
திங்கட்கிழமை இரவு

'அசல் இரும்பு' மாத இதழின் ஆசிரியர், பெருமதிப்பிற்குரிய திரு. ஃபெல்டன் அவர்களின் சமூகத்திற்கு, ஏழாம் வகுப்பு மாணவி மார்லா ஹுட்செல் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கு நாங்கள் அனைவரும் நலம். தங்கள் நலத்தையும், தங்கள் புகைப்படக்காரரின் நலத்தையும் அறிய ஆவல். முறையான கடிதத்தில் முதலில் பருவநிலையை விசாரிக்க வேண்டும் என்று எங்கள் ஆசிரியை சொல்லியிருக்கிறார். எங்கள் ஊரில் மழை விட்டுச் சோளம் விதைக்கத் தொடங்கிவிட்டார்கள். தங்கள் அலுவலகம் நான்காவது மாடியில் இருப்பதாக இதழில் போட்டிருப்பதால் அங்கே சோளம் இருக்காது, ஆனால் மழையாவது விட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

கையெழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும். தண்ணீர் இல்லாத குளியல் தொட்டிக்குள் தலையணை போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் தாழ்ப்பாள் உள்ள அறை இது ஒன்றுதான். அப்பாவின் டார்ச்சைத் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இடுக்கியிருக்கிறேன். யாராவது கதவைத் தட்டினால் வயிற்று வலி என்று சொல்லப்போகிறேன்.

வரும் சனிக்கிழமை எங்கள் 1970 கார்வர் தண்டர்ஹெட் காரைப் படம் எடுத்து, பழைய கார் உண்மையானதா போலியா என்று சொல்லும் 'அசலா, ஒட்டா?' பகுதியில் போடுவதற்காகத் தாங்கள் நேரில் வருவதாக அப்பாவுக்கு எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதத்தை அப்பா குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்திருக்கிறார். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அதைப் படிக்க வேண்டியிருப்பதால் நான் பால் குடிப்பதை நிறுத்திவிட்டேன். ஐயா, தாங்கள் படம் எடுக்க வரும், காருக்குள் மஞ்சளில் போட்ட அந்த எட்டு, எட்டே அல்ல. அது எங்கள் பூனை பிஸ்கட், பின்பக்கமாகப் பார்த்தால். அதை வரைந்தது நான்.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். என் அப்பா ரஸ்ஸல் ஹுட்செல் வீடுகளில் ஹீட்டர் பழுது பார்ப்பவர். போன அக்டோபரில் திருமதி வாண்டர்மோலன் என்ற விதவை அம்மாவின் பண்ணை வீட்டுக்கு வேலையாகப் போனார். ஏதோ குழாய் தேடிக் கொட்டகைக்குள் நுழைந்தவர், பழைய உறைபெட்டிக்கும் விதைமூட்டைகளுக்கும் அடியில் ஒரு காரின் மூக்கைப் பார்த்திருக்கிறார். அந்த அம்மாவுக்கு அது கார் அல்ல, இரவில் குப்பை கிளறும் ரக்கூன்களின் வீடு. "புது ஹீட்டர் ஒண்ணு மாட்டிக் கொடுத்துட்டு இந்தச் சனியனை இழுத்துட்டுப் போயிடுப்பா, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று சொல்லிவிட்டாராம். அப்பா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் நின்றார். "கானி, கொஞ்சம் உக்காரு, ஒரு விஷயம் சொல்லணும்" என்றார். அம்மா, "நான் உக்காந்துதான் இருக்கேன். நீங்கதான் தொப்பியக்கூடக் கழட்டாம நிக்கறீங்க" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

குளிர்காலம் முழுவதும் எங்கள் வீட்டுக் கொட்டகையில் அப்பா வேலை செய்தார், நான் டார்ச் பிடித்தேன். டார்ச் பிடிப்பது சுலபம் என்று தாங்கள் நினைக்கலாம். அப்பா காரின் அடியில் படுத்துக்கொண்டு "இங்க இல்லடி, இங்க" என்பார். அவருடைய 'இங்க' எங்கே என்று எனக்குத் தெரியாது. "நான் பாக்கற பக்கம் காட்டு மார்லா, நீ பாக்கற பக்கம் எனக்கெதுக்கு?" என்பார். வலப்பக்கக் கதவு ரக்கூன்களின் உபயத்தால் துருவேறி இறுகிக் கிடந்தது. வசந்தம் வரை திறக்கவே இல்லை. அதனால் நான் எப்போதும் இடப்பக்கம், ஸ்டியரிங் பக்கம் குந்திக்கொண்டிருப்பேன். ஜனவரியில் ஒருநாள் அப்பா ஒரே போல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பிஸ்கட் மேசைமேல் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. பலகையில் குறி போடும் மஞ்சள் மெழுகுக் குச்சி ஒன்று என் கையில் அகப்பட்டது. டாஷ்போர்டுக்கு அடியில், எஞ்சினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவில் ஒரு தகரச் சுவர் இருக்கிறதல்லவா, அதில் பூனையை வரைந்தேன். தலைக்கு ஒரு வட்டம், உடம்புக்கு ஒரு வட்டம், வால். பிறகு மறந்துவிட்டேன்.

ஏப்ரலில் கார்வர் கார்ச் சங்கத்திலிருந்து திரு. பெல்சர் என்பவர் சான்றிதழ் கொடுப்பதற்காக வந்தார். வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். தண்டர்ஹெட்டும் சாதாரணக் கார்வரும் உடம்பில் ஒன்றே, எஞ்சின்தான் வேறு என்பதும், சாதாரணத்துக்குப் பெரிய எஞ்சினும் பெயர்ப்பலகையும் மாட்டிப் பலர் ஏமாற்றுகிறார்கள் என்பதும் தங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் காரில் எண் பொறித்த தகடு துருவில் போயிருந்தது. சீட்டுக்கு அடியில் இருக்க வேண்டிய தொழிற்சாலைத் தாளை ரக்கூன்கள் கிழித்துக் குட்டி போட மெத்தை செய்துவிட்டன. திரு. பெல்சர் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையை ஆட்டினார். "ஹுட்செல், தப்பா நினைக்காதீங்க. இது வேஷம் போட்ட வண்டியா இருக்கவும் வாய்ப்பு இருக்கு" என்றார். அப்பா கைதுடைக்கும் துணியை மடித்து மடித்துத் தபால்தலை அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார். அப்போதுதான் திரு. பெல்சர் வலப்பக்கம் போய், கைக்கண்ணாடியை டாஷ்போர்டுக்கு அடியில் நீட்டி, அப்படியே நின்றுவிட்டார்.

"எட்டு" என்றார் மெதுவாக. "பெரிய எஞ்சின் வரிசைல மட்டும்தான் சோதனை பண்றவங்க எட்டு போடுவாங்க."

அப்பா மண்டியிட்டார். "நிஜமாவா?"

"ஆனா வால் இருக்கே. இதுவரைக்கும் எந்த எட்டுக்கும் நான் வால் பாத்ததில்ல."

கண்ணாடியில் ஒரு நொடி நானும் பார்த்தேன். மஞ்சளாக இரண்டு வட்டம், கீழே ஒரு வால். காது மட்டும் இல்லை, அழிந்துபோயிருக்கும் என்று நினைத்தேன். "அது பூனை மாதிரி இல்ல?" என்று கேட்டேன். திரு. பெல்சர் அன்பாகத்தான் சொன்னார்: "பாப்பா, அது தொழிற்சாலை. அங்க பூனைக்கு என்ன வேலை?"

சங்கத்தின் செய்தித்தாளில், 'வால் வைத்த எட்டைப் போட்டவர் யார்?' என்று ஒரு மூலையில் கேட்டிருந்தார்கள். அதைப் பார்த்து, முன்பு கார்வர் தொழிற்சாலையில் சோதனை வேலை பார்த்த திரு. எமில் ஸ்டானெக் இஸ்திரி போட்ட சட்டையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். முழங்கால் வலிக்காரர். அப்பா சோபாத் திண்டை எடுத்துப் போட்டு, தோளைப் பிடித்து, டாஷ்போர்டுக்கு அடியில் தலை போகும்படி படுக்கவைத்தார். வெளியே அவருடைய கால்கள் மட்டும் அசையாமல் நீட்டியிருந்தன. தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன்.

"ரஸ்ஸு தம்பி" என்றார் உள்ளேயிருந்து. "இது என் கை."

பிறகு நிறுத்தாமல் பேசினார். அவரோடு இன்னொருவனும் எட்டு போட்டானாம், அவன் விட்ட பிழைக்கெல்லாம் இவருக்குத் திட்டு விழுந்ததாம். "அதான் என்னோடதுக்கு ஒரு வால் வெச்சேன். எட்டுக்கு எதுக்குடா வாலுன்னு சூப்பர்வைசர் கேப்பான். போட்டவன் வாலுப்பயன்னு தெரியத்தான் சார்னு சொல்லுவேன்." சட்டைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் துண்டை எடுத்துக் காட்டினார். தொழிற்சாலையை மூடிய அன்று கையிலிருந்த குச்சியாம், என் கட்டைவிரல் அளவுதான் மிச்சம். "எத்தனை வண்டி போட்டிருப்பேன். எல்லாம் நசுங்கித் தகரமாப் போச்சுன்னு நினைச்சேன் தம்பி. ஒண்ணு இருக்கு பாரேன்."

ஐயா, அதற்குப் பிறகு அவர் தினமும் நாலு மணிக்கு வருகிறார். கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து அம்மா சுட்டுக் கொடுக்கும் ஆப்பிள் கேக்கைச் சாப்பிடுகிறார். சனிக்கிழமைக்கென்று முடி வெட்டிக்கொண்டார். வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்தில் தேவாலயத்தில் எல்லாரிடமும் தன் எட்டு புத்தகத்தில் வரப்போகிறது என்று சொல்லிவிட்டார். கிளீவ்லாந்தில் இருக்கும் அவர் மகள் இதழைப் பத்துப் பிரதி வாங்கப்போகிறாராம். இப்போது அது பூனை என்று தெரிந்தால் அவருடைய கண் பொய் சொல்லியது என்பார்கள், அல்லது வாய். எங்கள் கார் வேஷக்காரக் கார் ஆகிவிடும். அப்பாவை யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள், அவர் மறுபடியும் துணியை மடிப்பார். அதைத்தான் என்னால் பார்க்க முடியாது.

சொல்ல முயற்சி பண்ணாமல் இல்லை. அப்பாவிடம், "அப்பா, அந்த எட்டு..." என்று ஆரம்பித்தேன். "அழகா இருக்கில்ல?" என்று சொல்லி முடித்துவிட்டார். திரு. ஸ்டானெக்கிடம், "உங்களுக்குப் பூனை பிடிக்குமா?" என்று சுற்றிவளைத்துக் கேட்டேன். "தும்மல் வரும் பாப்பா" என்றார். அம்மாவிடம், "ஒரு முக்கியமான விஷயம்மா" என்றேன். அம்மா பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, "மார்லா, உங்கப்பா கல்யாணத்தன்னைக்குக்கூட இப்படிச் சிரிச்சதில்ல. எதுவா இருந்தாலும் ஞாயித்துக்கிழமை சொல்லு" என்றார்.

அதனால இன்னைக்கு ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு நானே ஒரு முடிவுக்கு வந்தேன். வால் இருக்கறதாலதானே இவ்வளவு பேச்சு. வாலை மட்டும் எடுத்துட்டா அது யாரோ போட்ட சாதா எட்டு ஆயிடும். காரும் பிழைச்சிடும், திரு. ஸ்டானெக்கும் பொய் சொன்னவர் ஆகமாட்டார், வால் எங்கோ உதிர்ந்துபோச்சுன்னு விட்டுடுவாங்க. வலப்பக்கக் கதவு இப்பல்லாம் சுலபமா திறக்குது. டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு, நைட்டி கையில எச்சில் தொட்டு இருட்டுல துடைச்சேன். மெழுகு இழுத்துக்கிட்டே போச்சு. வாலோட கீழ்வட்டமும் சேர்ந்து வந்துடுச்சு. ஐயா, இப்போது அங்கே இருப்பது பூஜ்ஜியம்.

ஆகவே தாங்கள் சனிக்கிழமை தயவுசெய்து வர வேண்டாம். சளி என்று எழுதலாம். கேமராவுக்குச் சளி என்றாலும் அப்பா நம்புவார், அவர் இப்போது எதையும் நம்பும் நிலையில் இருக்கிறார். தாங்கள் மெதுவாக, அடுத்த வருடம், அல்லது நான் பெரியவள் ஆன பிறகு வந்தால் போதும்.

தங்கள் இதழ் துருப்பிடிக்காமல் நெடுங்காலம் ஓட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, தங்கள் குடும்பத்தார்க்கும் புகைப்படக்காரர்க்கும் என் அன்பைத் தெரிவித்து முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள வாசகி,
மார்லா ஹுட்செல்

பின்குறிப்பு: மேலே எழுதியதை மறந்துவிடவும். டார்ச்சை இருந்த இடத்தில் வைக்கக் கொட்டகைக்குப் போனவள், போகிற போக்கில் ஸ்டியரிங் பக்கமும் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். பிரேக் மிதியின் மேலே என் பூனை உட்கார்ந்திருக்கிறது. இரண்டு காதும் இருக்கிறது. பின்பக்கம் பார்த்தால் மீசை தெரியாது, நான் மீசையும் போட்டிருக்கிறேன். ஜனவரியில் வலப்பக்கக் கதவுதான் திறக்கவே இல்லையே, அந்தப் பக்கம் நான் எப்படி வரைந்திருப்பேன் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. அப்படியென்றால் நான் துடைத்தது திரு. ஸ்டானெக்கின் எட்டைத்தான். தாங்கள் சனிக்கிழமை கண்டிப்பாக வர வேண்டும். ஒன்பது மணிக்குப் பதில் பதினோரு மணிக்கு வந்தால் எனக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். நாளை நாலு மணிக்கு அவர் வருவார், அப்பா வேலையிலிருந்து திரும்ப ஆறு ஆகும். நடந்ததைச் சொல்லி, அவரே எட்டை மறுபடியும் போடச் சோபாத் திண்டைப் போட்டுக் கொடுக்கப்போகிறேன். அவர் சட்டைப்பையில் அந்த மஞ்சள் துண்டு இருக்கும். அதே ஆள், அதே குச்சி, அதே கார், அதே இடம் என்றால் அது அசலா, ஒட்டா? பெயர் போடாமல் தங்கள் பகுதியில் பதில் எழுதவும், ஆனால் அப்பா சந்தாவை நிறுத்திய பிறகு எழுதவும். கை நடுங்குகிறது என்று அவர் மறுத்துவிட்டால் நான்தான் போட வேண்டியிருக்கும். அதற்காக இந்தத் தொட்டியின் ஓரமெல்லாம் போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறேன். இரண்டு வட்டம், வால், எல்லாம் சரியாக வருகிறது. காது போடாமல் நிறுத்துவதுதான் இன்னும் கைவரவில்லை.