இடமிருந்து இரண்டாவது படம்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நாலு பேர் உட்கார்ந்து பழைய குடும்ப நகைச்சுவைத் தொடர் ஒன்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தால், சரியாகச் சிரிப்பு வரும் இடத்தில் வாயைத் திறந்து, "அந்த டம்ளரைப் பாருங்க, இப்பதான் குடிச்சு முடிச்சாரு, மறுபடி நிறைஞ்சிருக்கு" என்று சொல்லிவிடுவேன். (அதனாலேயே எங்கள் உறவில் யாரும் என்னை டிவி பார்க்கக் கூப்பிடுவதில்லை. சாப்பிட மட்டும் கூப்பிடுவார்கள், அதுவும் கரண்ட் இல்லாத நேரமாகப் பார்த்து.)

அந்தத் தொடர்களில் தப்புக்குப் பஞ்சமே கிடையாது. வெளியிலிருந்து பார்த்தால் ஓட்டு வீடு, உள்ளே போனால் மாடிப்படி. மூத்த மகன் "படிக்கப் போறேம்மா" என்று அந்தப் படியில் ஏறுவான், அதற்கப்புறம் வருஷக்கணக்கில் இறங்கவே மாட்டான், பெற்றவளும் ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். சின்ன மருமகளுக்குப் பதினான்கு மாசம் மசக்கை. மாமியார் ஒரு திங்கட்கிழமை திடீரென்று வேறு முகத்தோடு வந்து நிற்பார், மருமகள் அசராமல் காபி கொடுப்பாள். இதையெல்லாம் நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். நான் பார்ப்பது சாஃப்ட்வேர் டெஸ்டர் வேலை. அடுத்தவர் செய்த தப்பைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள். எனக்குத் திமிர் இல்லாமல் வேறு யாருக்கு இருக்கும்?

இந்தத் திமிரை நம்பித்தான் தினேஷ் அண்ணா ஏமாந்தார். அவர் ஈஜிபுராவில் கல்யாண வீடியோ எடிட் செய்பவர். சொந்தமாக யூட்யூபில் ஒரு குடும்ப நகைச்சுவைத் தொடர் எடுக்க வேண்டும் என்பது அவர் கனவு. ஆஸ்டின் டவுனில் இருக்கும் எங்கள் வீடுதான் லொகேஷன். குடும்பத் தலைவர் என் அப்பா, தலைவி என் அம்மா. கன்டின்யூட்டி, அதாவது ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டிலும் அப்படியே இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு, என்னுடையது.

அப்பாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் முப்பது வருஷம் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆனால் அவர் ஆசைப்பட்டது நடிக்க. பதினேழு வயதில் கிருஷ்ணகிரியில் முதல் நாடகத்தில் மேடை ஏறியபோது, அவருடைய அக்கா, அதாவது என் அத்தை, பாதி வசனத்தில் மேடைக்கே போய்க் காதைப் பிடித்து இறக்கிக் கூட்டிவந்துவிட்டார். ஊரே பார்த்துச் சிரித்தது. அதற்குப் பிறகு அக்காவும் தம்பியும் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுவார்கள், அதைப் பற்றி மட்டும் பேச மாட்டார்கள். அதனால் இந்தத் தொடரையும் அப்பா அத்தையிடம் சொல்லவில்லை. "பத்து எபிசோட் வரட்டும். மொத்தமாக் கொண்டுபோய் முன்னாடி வச்சு, பாருக்கான்னு சொல்றேன்" என்பார். அவருக்கு ஊர் கைதட்ட வேண்டாம், அக்கா ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஷூட்டிங். ஒரே காட்சியின் முதல் பாதி இந்த ஞாயிறு, மறு பாதி அடுத்த ஞாயிறு. நடுவில் ஆறு நாள் அதே வீட்டில் நாங்கள் குடித்தனம் நடத்த வேண்டும். திரைச்சீலையை மாற்றக் கூடாது. காலண்டரில் தேதி கிழிக்கக் கூடாது. அம்மா ஐந்து வாரமாக ஒரே புடவை.

"ஏண்டி சுமதி, இதைத் துவைக்கவாவது செய்யலாமா?"

"துவைச்சா கலர் மாறிடும்மா."

"அப்ப உங்க அப்பா பக்கத்துல வந்து நடிக்க மாட்டாரு, பாத்துக்கோ."

கதைப்படி குடும்பத் தலைவர் தற்பெருமைக்காரர். அதனால் அப்பாவின் பெரிய போட்டோ ஒன்றைச் சட்டம் போட்டு, ஹாலில் சாமி படங்களோடு சேர்த்து மாட்டியிருந்தோம். முதலில் அப்பா, அடுத்தது முருகன், மூன்றாவது லட்சுமி. முருகனுக்கு மட்டும் சாமந்தி மாலை. நான் நோட்டில் குறித்துக்கொண்டேன்: 'இடமிருந்து இரண்டாவது படம் - மாலை.'

அந்த வாரம் ஆயுத பூஜை வந்தது. அம்மா மூன்று படங்களையும் இறக்கித் துடைத்து, பூஜை முடிந்து வாடிய பூவையெல்லாம் எடுத்துப்போட்டு, திரும்ப மாட்டினார். மாட்டும்போது முருகன் முதலுக்குப் போய்விட்டார், அப்பா நடுவுக்கு வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காட்சி இதுதான்: சினிமா டிக்கெட்டையெல்லாம் எடுத்துக்கொண்டு அப்பா தனியாகப் படத்துக்கு ஓடிவிடுகிறார். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே, கண்ணில் தண்ணீர் வழிய, "எங்களை விட்டுட்டு எங்கே போனீங்க?" என்று கேட்க வேண்டும். அப்பாவுக்கு அதில் வேலை இல்லை, மீசை திருத்தப் போயிருந்தார். "லைட் போகுது மா, பேகா, சீக்கிரம் ஆகட்டும்!" என்று தினேஷ் அண்ணா கத்தினார். நான் நோட்டைப் பார்த்தேன். ஸ்டூலில் ஏறினேன். இடமிருந்து எண்ணினேன். ஒன்று, இரண்டு. புது சாமந்தி மாலையை இரண்டாவது படத்துக்குப் போட்டுவிட்டு இறங்கினேன். படத்தில் இருப்பது யார் என்று பார்க்கவில்லை. நோட்டில் அது கேட்கப்படவில்லை.

பிறகு கீழே நின்று வெங்காயத்தின் அளவு சரியா என்று பார்த்தேன். அம்மாவின் வளையல்களை எண்ணினேன். கடிகாரத்தை நாலு நிமிஷம் பின்னால் தள்ளினேன். "பெர்ஃபெக்ட்" என்று சொல்லவும் செய்தேன். ஷாட் முடிந்ததும் மாலையை அதே வேகத்தில் கழற்றி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன்.

(எடிட் செய்தவர் கண்ணில் படவில்லையா என்று கேட்பீர்கள். முகூர்த்த மாசம். நாள் முழுக்கக் கல்யாண வீடியோ பார்க்கிறவருக்கு மாலை என்பது கண்ணில் படுகிற பொருளே இல்லை.)

அடுத்த ஞாயிறு காலை ஆறரைக்குத் தினேஷ் அண்ணா எங்கள் வீட்டு வாசலில் நின்றே எபிசோடை ஏற்றினார். முகப்புப் படத்தில் மாலை போட்ட அப்பா, கீழே அழுகிற அம்மா, மேலே கொட்டை எழுத்தில் 'எங்களை விட்டுட்டு எங்கே போனீங்க?'. நாங்கள் யாரும் பார்க்கவில்லை. ஷூட்டிங் சமயத்தில் எல்லோருடைய போனையும் அணைத்து அரிசி டிரம்மில் போட வேண்டும் என்பது விதி. (விதியைப் போட்டது யார் என்று நான் சொல்ல வேண்டுமா?)

ஓசூரில் இருக்கும் பெரியப்பா மகன் அந்தப் படத்தை மட்டும் பார்த்தான். உடனே உறவினர் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினான். அத்தை அப்பாவுக்குப் போன் போட்டார், போகவில்லை. அம்மாவுக்கு, எனக்கு, எதுவும் போகவில்லை. அதற்குமேல் என்ன உறுதி வேண்டும்? கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு வேன் கிளம்பியது. வழியில் பொம்மசந்திராவில் அப்பாவின் பழைய கம்பெனி கேட்டில் நிறுத்திச் சொன்னதில், ஷிப்ட் முடிந்து வந்த ராமண்ணா சாரும் இன்னும் மூன்று பேரும் ஏறிக்கொண்டார்கள்.

அவர்கள் வந்து சேர்ந்தபோது நாங்கள் எடுத்துக்கொண்டிருந்த காட்சி: படம் பார்த்துவிட்டுத் திரும்பிய அப்பா, திட்டுக்குப் பயந்து, ஹால் நடுவில் பாயில் தூங்குவதுபோல் நடிக்கிறார். வெள்ளை வேட்டி. லைட்டுக்காக முகத்தில் நான் தாராளமாகப் பூசிய பவுடர். முன்பொரு எபிசோடில் அவர் தூங்கியபோது தலை தெற்கே இருந்ததால் அன்றும் தெற்கே.

கதவு திறந்தது. "ஐயோ, சேகரு!" என்று அத்தை ஓடிவந்து அப்பாவின் மார்பில் விழுந்தார். பின்னாலேயே ரோஜா மாலையோடு ஒரு வேன் நிறைய ஜனம். சுவரோரம் நின்ற அம்மாவைச் சித்திகள் கட்டிக்கொண்டார்கள். "யாருக்கு என்ன ஆச்சு?" என்று அம்மா கேட்டது யார் காதிலும் விழவில்லை. தினேஷ் அண்ணா வாயைப் பிளந்து நின்றார், கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அந்தச் சுவரை, முதல்முறையாக, ஒழுங்காகப் பார்த்தேன்.

அப்பா அசையவில்லை. கண்ணைத் திறக்கவில்லை.

"அன்னைக்கு ஊரு முன்னால காதப் புடிச்சு இழுத்துட்டு வந்தேனேடா" என்று அத்தை அழுதார். "நல்லாத்தானேடா நடிச்ச. கூட்டமே உன்னத்தானே பாத்துச்சு. எங்க நீ எங்களை விட்டுட்டுப் போயிடுவியோன்னு பயந்துல்ல இழுத்துட்டு வந்தேன். ஒரு நாளும் சொல்லலையேடா."

அப்பாவின் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து, பவுடரில் கோடு போட்டுக்கொண்டு காதுப் பக்கம் இறங்கியது.

முதலில் பார்த்தவர் ராமண்ணா சார். பதற்றத்தில் அவருக்குக் கன்னடம்தான் வந்தது. "அய்யோ, ஜீவ இதே! ஜீவ இதே!" உயிர் இருக்கிறதாம்.

அத்தை திடுக்கிட்டு நிமிர்ந்தார். அப்பா ஒரு கண்ணை மட்டும் திறந்து, "தினேஷ், நீ இன்னும் கட் சொல்லலையே?" என்றார்.

அதன்பின் நடந்ததை விவரிக்க வேண்டாம். ரோஜா மாலை அத்தை கையில் மாலையாகப் பயன்படவில்லை என்று மட்டும் சொல்கிறேன். முதல் நாலு அடி அப்பாவுக்கு. நோட்டைக் காட்டி நான் நடந்ததை ஒப்புக்கொண்டதும் மீதி எனக்கு. வெட்கத்தில் செத்துவிடலாம்போல் இருந்தது, ஆனால் அன்றைக்கு அந்த வார்த்தையை யாரும் சொல்லும் நிலையில் இல்லை. ஊர் டம்ளரையெல்லாம் முப்பது தடவை உற்றுப் பார்த்தவள், பெற்ற அப்பன் முகத்தைப் பார்க்காமல் மாலை போட்டிருக்கிறேன். இன்று நினைத்தாலும் காது சுடுகிறது.

அம்மா எல்லோருக்கும் உப்புமா கிளறினார். 'பொய்ச் சாவுச் செய்தி வந்தால் ஆயுசு கூடும்' என்று யாரோ சொல்ல, கூட்டம் மெல்லச் சிரிக்க ஆரம்பித்தது. அப்பா தட்டோடு அத்தை பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அக்கா, நல்லாத்தான் நடிச்சேன்னு சொன்னியே, நிஜமாவா?"

"அது செத்தவன்கிட்ட சொன்னது. உயிரோட இருக்கறவனுக்குக் கிடையாது."

"அப்ப மறுபடி படுத்துக்கறேன்" என்று அப்பா தட்டை வைத்துவிட்டுப் பாய்ப்பக்கம் நகர்ந்தார். அத்தை சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தம்பியின் தோளில் கை வைத்தவர், வேன் கிளம்பும்வரை அதை எடுக்கவில்லை.

தினேஷ் அண்ணா கெஞ்சி அனுமதி வாங்கி அந்தக் காட்சியை அப்படியே போட்டார். எங்கள் தொடரில் நாலு பேர் பார்த்த ஒரே எபிசோட் அதுதான். கீழே யாரோ ஒருவர், 'அத்தை கையிலிருந்த மாலை அடுத்த ஷாட்டில் பாதியாகிவிட்டதே' என்று எழுதியிருந்தார்.

இரண்டு வருஷம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அத்தைதான் சபையில் அறிமுகம் செய்தார். "இவதான் பொண்ணு. நல்ல வேலை, கை நிறையச் சம்பளம். என் தம்பிய ஒரே ஒரு தடவை சாகடிச்சிருக்கா. மத்தபடி தங்கமான பொண்ணு."

கல்யாணம் நடந்தது. மாமனார் தங்கமான மனிதர், என்னை மகளாகத்தான் நடத்துகிறார். ஆனால் பண்டிகைக்கு ஒட்டடை அடிக்கும் நாளில் மட்டும், நான் ஸ்டூலை எடுப்பதற்குள், ஹாலில் மாட்டியிருக்கும் தன் போட்டோவைத் தானே கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மாடிக்குப் போய்விடுகிறார்.