முதல் பள்ளம்

மருதாயி பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

பரிமளா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய விளையாட்டில் அந்த இடத்தில் குதித்தே ஆக வேண்டும். ஓர் ஆள் இடமிருந்து வலமாக ஓடுவான். பள்ளம் வரும், குதிப்பான். வேலி வரும், குதிப்பான். அவனுக்கு வேறு திசை கிடையாது. முப்பரிமாணத்துக்கு மாற்றியதும் அவனுக்கு எல்லாத் திசையும் கிடைத்துவிட்டது.

"அக்கா, அங்க குதிக்கணும்."

"எதுக்குக் குதிக்கணும்? இங்கிட்டுத்தான் தாராளமா வழி கெடக்கே."

மருதாயி அலுவலகத்தைப் பெருக்க வருபவர். சோதித்துப் பார்க்க வேறு ஆள் இல்லாததால் முதலாளி உதயசூரியன் அவரை உட்கார வைத்திருந்தார். மூன்று நிமிடத்தில் மருதாயி எல்லாப் பள்ளங்களையும் வேலிகளையும் சுற்றிப் போய்க் கடைசிக் கொடியைத் தொட்டார். ஒரு முறைகூடக் குதிக்கவில்லை.

பரிமளா கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பதினொன்று. நாலு மணிக்கு சேக் அலாவுதீன் வருகிறார். கோட்டைப்பட்டினத்துக்காரர், துபாயில் கடை வைத்திருப்பவர். உதயசூரியன் கல்லூரியில் படிக்கும்போது செய்த அந்தக் கைப்பேசி விளையாட்டை இன்றைக்கும் தினமும் ஆடுகிறவர் அவர் ஒருவர்தான். அதை முப்பரிமாணத்தில் செய்யச் சொன்னவரும் அவரே. அவருக்குப் பிடிக்காவிட்டால் அலுவலகத்தை மூட வேண்டியதுதான் என்று உதயசூரியன் காலையிலேயே இரண்டு முறை சொல்லிவிட்டார்.

மூடினால் பரிமளா கறம்பக்குடியில் அப்பாவின் உரக்கடையில் உட்கார வேண்டும். நாள் முழுக்க ஆட்களோடு பேச வேண்டும். இயற்பியல் படித்துவிட்டு அவள் இந்த வேலைக்கு வந்ததே யாரோடும் பேச வேண்டாம் என்றுதான்.

பள்ளத்தை இரண்டு பக்கமும் நீட்டினாள். நீட்ட நீட்ட அது கண்மாய் போல ஆனது. மருதாயி கரையோரமாகத் திரும்பி நடக்க ஆரம்பித்தார். கண்மாய் என்றால் மிச்சத் தண்ணீர் வழிவதற்கு எங்கேயாவது ஒரு கலுங்கு கட்டியிருப்பார்கள், அதில் ஏறி அந்தப் பக்கம் போய்விடலாம் என்றார். கால் மணி நேரம் நடந்தார். கலுங்கு வரவில்லை. உலகம் முடிந்துவிட்டது. விளிம்பைத் தாண்டிக் கால் வைத்த ஆள் வெறும் வெள்ளைக்குள் விழுந்தான். விழுந்துகொண்டே இருந்தான்.

"இவன் எப்பத் தாயி தரையில விழுவான்?"

விழ மாட்டான். கீழே தரை கிடையாது.  பரிமளா கணினியை அணைத்துவிட்டு மறுபடி போட்டாள்.

அடுத்து, பள்ளத்தைச் சுருக்கி இரு பக்கமும் கருவேலங்காட்டை வைத்தாள். அது மருதாயிக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. ஆடு நுழையச் சந்தில்லாத கருவக்காடு உண்டா என்று கேட்டு, இரண்டு மரத்துக்கு நடுவே ஆளை நுழைத்தார். ஆள் சிக்கிக்கொண்டான். அவன் பின்னாலேயே போய்க் காட்சியைக் காட்டும் கேமராவும் சிக்கிக்கொண்டது. திரை முழுக்க முள். உள்ளே எங்கிருந்தோ காலடிச் சத்தம் மட்டும் கேட்டது.

உதயசூரியன் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, பேய்ப் படமா?"

"இல்ல சார்."

"அவங்க ஊர்லேருந்து கெளம்பிட்டாங்களாம்."

பரிமளா விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். காட்டை அழித்தாள். தொடக்கத்திலிருந்து கடைசிக் கொடி வரை இரு பக்கமும் உயரமாகச் சுவர் எழுப்பினாள். இப்போது கேமரா திரும்பும்போதெல்லாம் சுவருக்குள் புகுந்து திரை இருண்டது. கேமராவை ஆளின் முதுகுக்குப் பின்னால் அசையாமல் பூட்டினாள். சுவர் மறைக்கவில்லை. ஆள் மறைத்தான். பள்ளம் அவன் முதுகுக்கு அந்தப் பக்கம் இருந்தது. எங்கே குதிப்பது என்று தெரிவதற்காக அவன் காலடியில் நிழல் ஒன்றை வைத்தாள். இரண்டு சுவர்களுக்கு நடுவே ஏற்கெனவே எல்லாம் நிழலாகத்தான் இருந்தது.

மருதாயி நாலு முறை விழுந்தார். பிறகு எழுந்து விளக்குமாற்றை எடுத்துக்கொண்டார்.

"நான் வரல தாயி. பெரியாஸ்பத்திரியில பொணம் கொண்டு போற நடை மாதிரி இருக்கு."

பரிமளாவுக்கும் அப்படித்தான் இருந்தது. தான் கட்டிய சந்துக்குள் போகத் தனக்கே பயமாக இருந்தது. ஆனால் ஒன்று நிச்சயம். இனி எவராலும் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போக முடியாது.

சேக் அலாவுதீன் சரியாக நாலு மணிக்கு வந்தார். கூடவே அவர் மனைவி ரம்லத் பீவி. டீ வந்தது. அவர் டீயைத் தொடாமல் உட்கார்ந்து, உள்ளங்கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு ஆடத் தொடங்கினார்.

ஆளை முதலில் இடப்பக்கம் திருப்பினார். சுவர். வலப்பக்கம் திருப்பினார். சுவர். தொட்டுத் தடவுவது போலச் சுவரோரமாகவே கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தார்.

"எங்கிட்டும் போக முடியாதாம்மா?"

"முடியாதுங்க. எல்லாப் பக்கமும் அடைச்சுட்டேன்," என்றாள் பரிமளா. அன்றைக்கு அவள் தலை நிமிர்ந்து சொன்ன ஒரே பதில் அதுதான்.

அவர் நேராகப் போனார். விழுந்தார். மறுபடி போனார். மறுபடி விழுந்தார்.  உதயசூரியன் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டு வந்து நின்றார். பன்னிரண்டாவது முறை விழுந்ததும் சேக் அலாவுதீன் எழுந்தார். நல்லா இருக்கும்மா என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். உதயசூரியன் செருப்பைக்கூடப் போடாமல் பின்னால் ஓடினார்.

பரிமளாவுக்கு உரக்கடை கண் முன்னால் வந்தது. யூரியா நாற்றம்கூட வந்தது. ரம்லத் பீவி மட்டும் மிச்ச டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். பரிமளா அவர் அருகே போனாள்.

"அவங்களுக்கு எது பிடிக்கலைங்க?"

ரம்லத் பீவி வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பதினஞ்சு வருசமா பழைய ஆட்டத்துல அந்த மொதப் பள்ளத்தையே இவுகளால தாண்ட முடியல புள்ள. சுத்திப் போயிறலாம்னுதானே த்ரீடியே கேட்டாக."