பல்லி கொடுத்த சான்றிதழ்

ஒரு காட்டில் ஒரு பல்லி இருந்தாள். சிறு வயதில், மழை விட்டிருந்த ஒரு மாலையில், ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மருத மரத்திலிருந்து "ச்சு, ச்சு, ச்சு" என்று ஒரு சத்தம் கேட்டாள். மூன்றாவது 'ச்சு' கொஞ்சம் தயங்கி வந்தது. அந்தத் தயக்கம் அவள் காதைவிட்டுப் போகவேயில்லை.

மறுநாள் மாலை அவளும் மூன்று முறை கத்தினாள். அந்த நேரம் பார்த்து அவள் இருந்த மரத்தடியில் ஒரு புள்ளிமான் தன் காதலியிடம், "உன்னைத் தவிர வேறு ஒருத்தியை நான் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை" என்று சொல்லி முடித்திருந்தான். பேச்சுக்கு நடுவே பல்லி கத்தினால் பேசியது உண்மை என்பது அந்தக் காட்டின் நம்பிக்கை.

"கேட்டியா, பல்லியே சொல்லிடுச்சு!" என்றாள் காதலி. அந்த வாரமே கல்யாணம்.

செய்தி பரவியது. நரியார் மரத்தடியில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்தார். 'அன்பு மெய்யெனச் சான்று கோரும் விண்ணப்பம்', மூன்று பிரதிகள். இணைப்பாகப் புகைப்படம் இரண்டு, கொம்பு இருந்தால் கொம்பு முழுதும் தெரியும்படி. காட்டில் பாதிப் பேர் வரிசையில் நின்றார்கள். மீதிப் பேர் அவர்களோடு இடத்துக்குச் சண்டை போட்டார்கள். அந்த இரைச்சலில், அக்கரையிலிருந்து பதில் வந்ததா இல்லையா என்பதே பல்லிக்குக் கேட்கவில்லை.

பொய்கள் அவளுக்குத் தெரியாமல் இல்லை. "உன்னைப் பிரிஞ்சு ஒரு நாள்கூட என்னால இருக்க முடியாது" என்று காட்டுப்பூனை உருகியபோது அவன் மீசையில் வேறு வீட்டு மீன் வாசம் அடித்தது. வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் நினைத்தாள். ஆனால் அந்த வார்த்தைகளை யார் யாரிடம் சொன்னாலும், தன்னிடம் சொன்னதுபோல் தொண்டை தானாகத் திறந்துகொண்டது. ச்சு, ச்சு, ச்சு. நரியார் முத்திரை குத்தினார்.

ஏழாவது வருஷம் அதே புள்ளிமான் நான்காவது காதலியோடு வந்து நின்றான்.

"என்ன தம்பி, மறுபடியுமா?" என்றார் நரியார்.

"முந்தின மூணும் உண்மைதான் சார். பல்லியே சொன்னதாச்சே!"

பல்லி விறுவிறுவென்று இறங்கி மேசைமேல் வந்து நின்றாள். "நான் உங்களுக்காகக் கத்தலை. நீங்க சொன்னதுல முக்கால்வாசி பொய். எனக்குத் துணை இல்லை. அந்தப் பக்கம் யாரோ இருக்காங்கன்னு நினைச்சுக் கத்தினேன். அவ்வளவுதான்."

நரியார்தான் முதலில் தெளிந்தார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. நீங்க சொல்றது உண்மைன்னா பல்லி கத்தியிருக்கணுமே?"

"பல்லி நான்தானேய்யா!"

"அதைத்தான் நானும் சொல்றேன். நீங்களே கத்தலையே."

எதற்கும் பார்க்கலாம் என்று எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். ஏழு வருஷத்தில் முதல் முறையாக அந்த இடம் அடங்கியது. அப்போது ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது: ச்சு, ச்சு. பிறகு, கொஞ்சம் தயங்கி, ச்சு.

யானையம்மா மெதுவாகத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். "அப்போ நம்ம சான்றிதழ்?"

நரியார் நாற்காலிமேல் ஏறினார். "யாரும் பதற வேண்டாம்! அது அக்கரைப் பல்லி. இந்தக் கரை விவகாரத்துல அதுக்கு அதிகாரம் கிடையாது."

"அதானே பார்த்தேன்" என்றான் யானை. எல்லோருக்கும் மூச்சு வந்தது.

வரிசையைச் சரிசெய்துகொண்டு அவர்கள் நிமிர்ந்தபோது மேசைமேல் பல்லி இல்லை. ஆற்றில் மிதந்துபோன ஒரு மூங்கிலில் தொற்றிக்கொண்டு போய்விட்டிருந்தாள். இப்போது மேசைக்கு அடியில் குனிந்து நரியாரே உச்சுக் கொட்டுகிறார். இதுவரை யாரும் புகார் செய்யவில்லை.

பல்லி அக்கரை மருத மரத்தில், தயங்கிக் கத்தியவன் இருக்கும் அதே கிளையில் இருக்கிறாள். பக்கத்தில் இருப்பவரைக் கத்திக் கூப்பிட வேண்டியதில்லை, இருவரும் கத்துவதில்லை. அதனால் அந்தக் கரையில் இன்றுவரை ஒரு கல்யாணமும் நடக்கவில்லை.

நீதி: உங்கள் காதலுக்குச் சாட்சி தேடும்போது, தனியாக இருப்பவராகப் பார்த்துப் பிடியுங்கள். எதைச் சொன்னாலும் ஆமாம் என்பார்.