கிராணிக்கு ஓர் இலை

அந்தக் குடும்பத்தில் எல்லோரும் கடைப்பிடிக்கும், எவரும் வாய்விட்டுச் சொல்லாத விதி ஒன்று உண்டு: நான்காவது இலையைப் பற்றிக் கேள்வி கேட்கக் கூடாது.

தீபாவளிக்கு முந்தைய நாள் இறந்தவர்களுக்கு வைக்கும் படையலில் முதல் இலை தாத்தாவுக்கு, இரண்டாவது பாட்டிக்கு, மூன்றாவது முகுந்தனின் அப்பா இராமலிங்கத்துக்கு. நான்காவது கிராணிக்கு. கிராணி, காப்பார் தோட்டத்தில் செம்பனைக் குலை வண்டியை இழுத்த கோவேறு கழுதை. அடுத்தவர் வேலை செய்வதைத் தலைநிமிர்த்திப் பார்த்துக்கொண்டே நிற்கும் அதன் சுபாவத்தைக் கண்டு, தோட்ட அலுவலகக் குமாஸ்தாவின் பட்டத்தைத் தொழிலாளர்கள் அதற்குச் சூட்டியிருந்தார்கள்.

நான்காவது இலையை இராமலிங்கத்துடன் பிறந்த பவுனம்மாள் அத்தை மட்டுமே போடுவார். படைத்த கையோடு முறத்தைக் கவிழ்த்து மூடிவிடுவார். முறத்துக்கு வெளியே ஒரு கறுப்புப் பாட்டிலின் கழுத்து மட்டும் எட்டிப் பார்க்கும். குடும்பத்துக்குப் புதிதாக வந்தவர்கள் முதல் வருடம் அந்தக் கழுத்தைப் பார்ப்பார்கள். பிறகு மற்றவர்களைப் பார்ப்பார்கள். மறு வருடம் அவர்களும் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள்.

இந்த வருடம் அத்தையால் குனிய முடியவில்லை. ஜூலை மாதம் காப்பார் வீட்டுக் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு விரிசல் கண்டிருந்தது. தனியே இருக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதும் முகுந்தன் அவரைப் பிரிக்பீல்ட்ஸில் உள்ள தன் பதினோராம் மாடி வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டான். அத்தை ஒரே ஒரு நிபந்தனை விதித்திருந்தார்.

“படையலுக்குக் கிராணி இங்க வரணும். வந்தா இருக்கேன். வரலன்னா என்னைக் காப்பார்ல கொண்டு போய் விட்டுடு.”

“வந்துச்சா இல்லையான்னு எப்படி அத்தே தெரியும்?”

“எனக்குத் தெரியும்.”

காப்பார் வீட்டில் இனி அவர் ஒருமுறை விழுந்தால், கதவைத் தட்டிப் பார்க்கக்கூட அக்கம்பக்கத்தில் ஆளில்லை. ஆகவே நான்காவது இலை எப்படியும் சரியாக அமைந்தாக வேண்டும். பங்சாரில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில், விபத்தில் சிக்கியவர்களைத் துருவித் துருவிக் கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்குபவன் முகுந்தன். அவனால் அத்தையிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்க முடியவில்லை.

அவன் மனைவி புனிதா சிக்கலை அறிவியல்பூர்வமாக அணுகினாள். “குதிரை ஜாதிதானே? கேரட், கொள்ளு, வெல்லம். இண்டர்நெட்ல அப்படித்தான் போட்டிருக்கு.”

மூன்றையும் இலையில் பரப்பி வைத்தார்கள். நான்கு கால் ஊன்றுசட்டத்தைத் தள்ளிக்கொண்டு அத்தை கூடத்துக்கு வந்தார்.

“இதெல்லாம் யாருக்குய்யா?”

“கிராணிக்கு, அத்தே.”

“அது இதையெல்லாம் தொடாது.” பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “ஆட்டுக்கறி பெரட்டல். எலும்போட. நெத்திலி சம்பல், நல்லா உறைப்பா.”

முகுந்தனும் புனிதாவும் சமையலறைக்குள் போய் நின்றார்கள்.

“என்னங்க, கோவேறு கழுதை ஆட்டுக்கறி திங்குமா?”

“கேக்காதே லா.”

“நான் உங்களைத்தான் கேக்குறேன்.”

“என்னையும் கேக்காதே.”

கறி வெந்துகொண்டிருந்தபோது பாட்டில் பிரச்சினை எழுந்தது. வீட்டில் மது புகக்கூடாது என்று கொள்கை வைத்திருந்த புனிதா, கறுப்பு நிறத்தில் சத்துபானம் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கி வைத்தாள். அத்தை மூடியைத் திறந்து முகர்ந்தார்.

“இத வெச்சா, அது வாசலோட திரும்பிப் போயிடும்.”

முகுந்தன் கீழே இறங்கிப் போய் ஒரு பெரிய பாட்டில் ஸ்டௌட் பீர் வாங்கி, அதைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு லிஃப்டில் ஏறினான். கோயில் கமிட்டித் தலைவரும் அதே லிஃப்டில் ஏறினார்.

“என்ன முகுந்தன், தீபாவளி ஆரம்பிச்சாச்சா?”

“எனக்கில்ல அண்ணே, கழுதைக்கு.”

தலைவர் ஏழாம் மாடியிலேயே இறங்கிக்கொண்டார். அவர் வீடு ஒன்பதாம் மாடியில் இருந்தது.

அடுத்ததாக, “புதுத்துணி எங்க?” என்றார் அத்தை. அதை முன்கூட்டியே யோசித்துவிட்டதாகப் புனிதா பெருமையுடன் அறிவித்தாள். குதிரைச் சவாரிச் சாமான்கள் விற்கும் கடைக்கு ஆர்டர் கொடுத்து வரவழைத்திருந்த முதுகுப் போர்வையை விரித்தாள். தடித்த கம்பளி, ஓரத்தில் தங்கநிறப் பட்டை, வயிற்றுக்குக் கீழே மாட்ட இரண்டு வார்.

அத்தை வார்களை இழுத்துப் பார்த்தார். “இத எங்கம்மா கட்டிக்கிறது? கைலி இல்லையா? நீலக்கட்டம்?”

முகுந்தனிடம் தீபாவளிக்கென்று வாங்கிய நீலக்கட்டக் கைலி ஒன்று இருந்தது. அது இலைக்குப் போயிற்று. முதுகில் போர்த்துவதற்காக இருக்கும் என்று அவன் தனக்குத்தானே விளக்கம் சொல்லிக்கொண்டான். வேறு எங்கே கட்டுவது என்று யோசிக்க அவன் துணியவில்லை.

அத்தையின் முகம் சற்றே இளகியிருந்தது. அந்தச் சமயம் பார்த்துப் பழைய கதைகளைக் கிளறுவது நல்லது என்று முகுந்தனுக்குத் தோன்றியது.

“அப்பா அடிக்கடி சொல்வார் புனிதா. குலை நிறுத்து முடிஞ்சதும் கிராணி நேரா அத்தை வீட்டுப் பின்கதவுல வந்து நிக்குமாம். ஒருநாள் தாத்தா பாராங் கத்திய எடுத்துக்கிட்டு ஆத்தங்கரை வரைக்கும் துரத்தினாராம். மறுநாளும் வந்து நின்னுச்சாம்!”

“அவ்வளவு பாசமா?”

“அப்புறம்? கிள்ளான்ல ஒரு நல்ல மாப்பிள்ளை வந்தப்ப, கிராணிய விட்டுட்டு வரமாட்டேன்னு அத்தை சொல்லிட்டாங்களே. அது செத்தப்பக்கூட ஒரு மாசம் யார்கிட்டேயும் பேசலையாம்.”

வாயில்லாப் பிராணிகளிடம் அன்பு காட்டவேண்டும் என்பதற்கு எடுத்துக்காட்டாக இராமலிங்கம் இக்கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லுவது வழக்கம். ஒரு முறை கோயில் விழாவில் ஒலிபெருக்கியிலும் சொல்லியிருக்கிறார். அத்தை எப்போதும் போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எல்லாம் கைகூடி வந்த அந்த நேரத்தில்தான் புனிதா தன் கடைசி யோசனையை நிறைவேற்றினாள். மூன்று இலைகளுக்குப் பின்னால் மூன்று படங்கள் இருந்தன. நான்காவதற்குப் பின்னால் வெறும் சுவர். அவள் கோவேறு கழுதை ஒன்றின் படத்தைப் பெரிதாக அச்சடித்து, சட்டமிட்டு, மல்லிகை மாலை சூட்டி, நெற்றியில் சந்தனமும் வைத்து அங்கே நிறுத்தினாள்.

அத்தை படத்தை நெடுநேரம் பார்த்தார்.

“யாரு இது?”

“கிராணி, அத்தே.”

“எடுத்து வை.”

“படமா அத்தே?”

“என் பையை. காப்பார் போறேன்.”

முகுந்தன் பால்கனிக்கு ஓடிப் போய்க் கிள்ளானிலிருந்த வீரம்மாவுக்குப் போன் செய்தான். அத்தையின் தோட்டத்துச் சிநேகிதி. கிராணியை நேரில் பார்த்தவர்களில் அத்தையைத் தவிர உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான்.

“வீரம்மா ஆன்டி, கிராணிக்கு என்னதான் பிடிக்கும்? சொல்லுங்க ப்ளீஸ். அத்தை பைய எடுத்துட்டாங்க.”

“கழுதைக்கு என்ன பிடிச்சா உனக்கென்ன லா?”

“படையல் வைக்கணும் ஆன்டி. ஆட்டுக்கறி, சம்பல், ஸ்டௌட், நீலக்கட்டக் கைலி எல்லாம் வெச்சாச்சு. இன்னும் என்ன குறைன்னு தெரியல.”

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“நான் வரேன். நான் வர்ற வரைக்கும் அவள எங்கேயும் அனுப்பாதே.”

வீரம்மா ரயில் பிடித்து, ஐந்து மணிக்கு வியர்வையோடு வந்து சேர்ந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் படையல் முன்னால் போய் நின்றார். கறியைப் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார். கைலியைத் தொட்டுப் பார்த்தார். மாலையும் சந்தனமுமாக நின்ற கோவேறு கழுதையின் படத்தை எடுத்துக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

பவுனம்மாள் மடியில் பையை இறுக்கிப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போதும் பவுனு! எங்க கன்னையா அண்ணன் செத்து அம்பத்தி மூணு வருசமாச்சு. இன்னுமா அவன் ஓட்டுன கழுதை பேரைச் சொல்லி அவனைச் சாப்பிடக் கூப்பிடுறே?”