எண்ணெயை அழுத்தினால் ‘டொக்’

புக்கிட் ரோத்தான்,
ஜூன் 1984

அன்புள்ள மாப்பிள்ளை பாலனுக்கு,

மாமனார் உடையப்பன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் கோழிகளும் சுகம். அங்கே உங்கள் சுகமும், நவமணி வயிற்றில் இருப்பவரின் சுகமும் அறிய ஆவல். கார்தான் சுகமில்லாமல் இருந்தது. இப்போது அதுவும் சுகம்.

போன மாதம் உங்கள் அம்மா, “வளைகாப்பு முடிஞ்சு பொண்ண நீங்க கூட்டிட்டுப் போறது முறைதான் சம்பந்தி, ஆனா அந்த டொக்கு டொக்கு காருல வேணாம்லா” என்றார்கள் அல்லவா? அதிலிருந்து எனக்கு ஒரே யோசனை. சும்மா நிற்கும்போது வாயைத் திறக்காத கார், காலால் எண்ணெயை அழுத்தி வேகம் எடுத்தால் மட்டும் ஏன் ‘டொக்’ என்கிறது? பின்பெட்டியில் இருந்த டயர், ஜாக்கி, மண்வெட்டி எல்லாம் இறக்கிவிட்டு ஓட்டினேன், டொக். உங்கள் அத்தையைப் பின்சீட்டில் படுக்கவைத்து, காதைக் கொடுத்துக் கேட்கச் சொல்லி, தஞ்சோங் காராங் வாய்க்கால் ஓரமாக ஓட்டினேன். “முன்னாலதாங்க கேக்குது” என்றாள். முன்சீட்டுக்கு மாற்றினேன். “இப்ப காலுக்குக் கீழ கேக்குது.” சரியாகக் கேட்டாயா என்றதற்கு, “வேணும்னா நீங்க படுங்க, நான் ஓட்டுறேன்” என்றாள். அவளுக்கு ஓட்டத் தெரியாது. இருந்தாலும் அந்தக் கோபத்துக்கு ஓட்டிவிடுவாள் என்று பயந்து, நேராக மெக்கானிக் அர்ஜுனன் பட்டறைக்குப் போய்விட்டேன்.

அவர் எஞ்சின் மூடியைத் திறந்துவைத்து, தானே உள்ளே ஏறிப் பிரேக்கை மிதித்துக்கொண்டு, கியர் போட்டு எண்ணெயை லேசாக அழுத்தினார். “எஞ்சினப் பாருங்க மாமா!” பார்த்தேன். மாப்பிள்ளை, அது எழுந்து உட்கார்ந்தது! “எஞ்சினத் தாங்குற ரப்பர் செத்துப் போச்சு. புதுசு வாங்கி மாட்டணும்.” ரப்பரா? ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்து, பால்மரத்தடியில் வளர்ந்தவன் கடையில் போய் ரப்பர் வாங்குவதா? தோட்டத்தில் நல்ல ரப்பர் ஷீட்டாகக் கேட்டு வாங்கி, மடித்து வெட்டி, நானே செருகினேன். டொக் போன இடம் தெரியவில்லை. ஞாயிறு வளைகாப்புக்கு நம் காரிலேயே உலு யாம் வந்து, நவமணியை அலுங்காமல் கூட்டிவருவேன். அம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

மகளுக்கும் உள்ளே இருக்கும் சின்னவருக்கும் எங்கள் ஆசி. அம்மாவுக்கு வணக்கம்.

இப்படிக்கு,
மாமனார் உடையப்பன்

பி.கு.: இதைத் தபாலில் போடக் காரில் கிளம்பி, பாதி வழியில் எழுதுகிறேன். டொக் வரவில்லை, புகைதான் வந்தது. எஞ்சின் சூட்டில் ஷீட் இளகி, மிட்டாய்ப் பாகாக வழிந்துவிட்டது. நாற்றம் தாங்காமல் அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்க் கடையில் உட்கார்ந்திருக்கிறாள். “புள்ளத்தாச்சிய இதுலயா ஏத்தப் போறீங்க?” என்று ஒன்றுதான் கேட்டாள். ஞாயிறு பஸ்ஸில் வருகிறோம். மகளைக் கூட்டிப்போவது நாங்கள்தான், முறை முறைதான்; கூட்டிப்போகிற எங்களையும் சேர்த்து உங்கள் காரில் கொண்டுவந்து வீட்டில் விட்டுவிடுங்கள்.